மலேரியாக் கிருமி இரத்தத்துக்குள் எப்படிப் பெருகுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்ணூறுகளில் மட்டக்களப்பில் நான் பார்த்த வேலை, காலை முதல் மாலை வரை நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்துக்கொண்டு இரத்தப் படலங்களில் மலேரியாக் கிருமி தேடுவது. கரண்ட் இல்லாத நாட்கள் நிறைய. மேசையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, நுணுக்குக்காட்டியின் அடிக் கண்ணாடியை வானத்து வெளிச்சத்துக்குத் திருப்பித்தான் பார்ப்போம். மழை முகில் வந்தால் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதான். இப்போது ஓய்வு. உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளைகளும், ஆபிரிக்காவுக்கோ இந்தியாவுக்கோ வேலைக்குப் போய்வருகிறவர்களின் வீட்டாரும் ஒரே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். எழுதி வைத்துவிட்டால் வாய் வலி மிச்சம்.

நுளம்பு குத்தியவுடன் கிருமி இரத்தத்தில் பெருகத் தொடங்கிவிடுமா?

இல்லை, முதலில் ஈரலுக்குப் போகும். பெண் அனோபிலிஸ் நுளம்பின் உமிழ்நீரோடு இறங்கும் கிருமிகள் பெரும்பாலும் சில பத்துகள்தான். ஈரற் கலத்துக்குள் புகுந்த ஒவ்வொன்றும் அங்கே ஆயிரக்கணக்கில் பெருகி, ஒரு வாரம் போல கழிந்து இரத்தத்தில் கொட்டும். மலேரியாக் கிருமியில் பல இனங்கள் உண்டு; அவற்றில் ஆளைக் கொல்கிற பல்சிபாரம் இனத்தில் ஒன்றே முப்பதாயிரம் வரை ஆகலாம். அந்த ஒரு வாரமும் ஆளுக்குத் தலையிடிகூட இருக்காது. வயல் வட்டையில் வேலை செய்துகொண்டு திரிவார். காய்ச்சல், நடுக்கம், இரத்தசோகை எல்லாமே அதற்குப் பிறகு செங்குழியங்களுக்குள் நடக்கும் பெருக்கத்தால் வருபவை.

இரத்தத்தில் இத்தனை வகைக் கலங்கள் இருக்க, செங்குழியத்தை மட்டும் பிடிப்பது ஏன்?

ஒளிய நல்ல இடம், சாப்பாடும் நிறைய. செங்குழியத்துக்குக் கரு கிடையாது. மற்றக் கலங்கள் தமக்குள் கிருமி புகுந்தால் அதன் துண்டுகளை வெளியே தூக்கிக் காட்டி நிர்ப்பீடனத் தொகுதிக்குச் சொல்லிக் கொடுக்கும். செங்குழியத்துக்கு அந்த வேலை தெரியாது. அதோடு உள்ளே முழுக்க ஈமோகுளோபின்.

ஈரலிலிருந்து வெளிவரும் வடிவத்துக்கு மெரோசோயிட் என்று பெயர். நீளம் ஒரு மைக்ரோமீற்றருக்குச் சற்றுக் கூட. செங்குழியம் ஏழு, எட்டு மைக்ரோமீற்றர் அகலம். உரித்த தேங்காய்க்குப் பக்கத்தில் ஒரு நெல்லிக்காயை வைத்தால் எப்படி இருக்கும், அந்தக் கணக்கு. இந்த நெல்லிக்காய் முதலில் எப்படியாவது போய் ஒட்டும். பிறகு உருண்டு, தன் கூரான முனையைச் செங்குழியத்தின் பக்கம் திருப்பும். புகுவதற்கு வேண்டிய புரதங்களை வைத்திருக்கும் பைகள் அந்த முனையில்தான் இருக்கின்றன. திருப்பியதும் அரை நிமிடம்கூட ஆகாது, உள்ளே போய்விடும். போகும்போது செங்குழியத்தின் மென்சவ்வை உள்பக்கமாக மடித்துத் தன்னைச் சுற்றிப் போர்த்திக்கொள்ளும். செங்குழியத்துக்குள் ஒரு சிறு அறை, அந்த அறைக்குள் கிருமி என்று நினைத்துக்கொள்ளுங்கள். இந்த அறை பிறகும் வரும், மறக்க வேண்டாம்.

உள்ளே போனதும் பிரியத் தொடங்குமா?

அவசரமே படாது. பல்சிபாரத்துக்கு ஒரு முழுச் சுற்று ஏறத்தாழ 48 மணித்தியாலம். அதில் பாதிக்கு மேல் பிரிவே இல்லை, தின்பதும் வளர்வதும்தான்.

முதல் இருபது மணித்தியாலம் போல மோதிர நிலை. ஜீம்சாச் சாயம் ஊற்றிப் பார்த்தால் மெல்லிய நீல வளையம், அதில் கல் பதித்தது போல ஒரு சிவப்புப் புள்ளி. நீலம் குழியவுரு, சிவப்பு கரு. பல்சிபாரத்தின் மோதிரம் அவ்வளவு நேர்த்தியாக இருக்கும். ஆளைக் கொல்கிற சாமானுக்கு இந்த அழகு எதற்கு என்று பல நாள் நினைத்ததுண்டு.

அடுத்து, உடம்பு தடித்து ஈமோகுளோபினை விழுங்கத் தொடங்கும். சுற்று முடிவதற்குள் அந்தச் செங்குழியத்தின் ஈமோகுளோபினில் பாதிக்கும் மேல் தீர்ந்துவிடும். புரதப் பகுதி சமித்துவிடும். இரும்பு உள்ள ஹீம் பகுதி கிருமிக்கே நஞ்சு. அதை வெளியே கொட்டவும் வழியில்லை. ஆகவே பளிங்காக இறுக்கி ஒரு மூலையில் போட்டு வைக்கும். நுணுக்குக்காட்டியில் தெரியும் கபிலக் கறுப்புப் பொட்டுகள் அந்தக் குப்பைதான். சாயம் சரியாகப் பிடிக்காத படலத்திலும் அந்தப் பொட்டைக் கண்டால் நாங்கள் நிமிர்ந்து உட்காருவோம்.

சரி, எப்படித்தான் பிரிகிறது? ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகியா?

பிள்ளைகள் பிழை விடுவது இந்த இடத்தில்தான். பற்றீரியா போல ஒன்று முழுதாக இரண்டு துண்டாகி, அவை தனித்தனியே மறுபடி இரண்டாவது இங்கே நடப்பதில்லை.

கொழுக்கட்டை அவிக்கும் நாளை நினைத்துக்கொள்ளுங்கள். பயற்றம் உள்ளுடனை ஒவ்வொன்றாக உருட்டித் தட்டில் வைத்துக்கொண்டே போவார்கள். எல்லாம் உருட்டி முடிந்த பிறகுதான் மாவால் ஒவ்வொன்றையும் பொதிவது. மலேரியாக் கிருமியும் முதலில் கருக்களை மட்டும் பெருக்கும். உடம்பு ஒன்றுதான், குழியவுரு ஒன்றுதான், உள்ளே கரு இரண்டு, மூன்று, ஐந்து, ஒன்பது என்று கூடிக்கொண்டு போகும். கடைசியில் ஒரே மூச்சில் ஒவ்வொரு கருவைச் சுற்றியும் சவ்வு இறங்கிப் பொதிந்து, பத்து இருபது குஞ்சு மெரோசோயிட்டுகளாகப் பிரியும். இந்த முறைக்கு சைசோகொனி என்று பெயர். பல கருக்களோடு நிற்கும் அந்த வடிவம் சைசொன்ட்.

பல்சிபாரத்தில் டி.என்.ஏ. இரட்டிப்பு ஏறத்தாழ முப்பதாவது மணித்தியாலத்தில் தொடங்கும். இருப்பது 14 நிறமூர்த்தங்கள், ஏறத்தாழ 2.3 கோடி எழுத்துகள். ஒவ்வொரு பிரிவுக்கும் இதை முழுதாகப் பிரதி எடுக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், ஒரே குழியவுருவுக்குள் கிடக்கும் கருக்கள் ஒன்றையொன்று பார்த்துப் பிரிவதில்லை. ஒரு கரு பிரதி எடுத்துக்கொண்டிருக்கும்போது பக்கத்துக் கரு சும்மா இருக்கும். ஒரே வீட்டில் இருந்தாலும் ஆளாளுக்கு ஒரு நேரம். அதனால்தான் 2, 4, 8, 16 என்று கட்டான எண் வருவதில்லை. 17, 19, 22 என்று முடியும். கடைசிச் சுற்று மட்டும் ஏறக்குறைய ஒன்றாக நடக்கும்.

பொதிவது எப்படி? குஞ்சு உருவாகப் போகும் ஒவ்வோர் இடத்திலும் முதலில் கூர்முனை தயாராகும், புகுவதற்கான பைகளோடு. அங்கிருந்து ஒரு சவ்வு கருவின்மேல் இறங்கும். அதன் விளிம்பில் புரதத்தாலான ஒரு வளையம். வளையம் கருவைத் தாண்டிக் கீழே போய், சுருக்குப்பையின் கயிற்றை இழுத்தது போலச் சுருங்கி, குஞ்சைத் தனியே வெட்டிவிடும். கரு மட்டும் போதாது. ஒவ்வொரு குஞ்சுக்கும் ஓர் இழைமணியும், அபிகோபிளாஸ்ட் என்ற இன்னொரு சிறு உறுப்பும் வேண்டும். தாயிடம் இவை ஒவ்வொன்றுதான் இருக்கும். அவை மரக்கிளை போலக் கவர் விட்டு நீண்டு, கவருக்கு ஒரு குஞ்சாகப் பங்குபடும். பழைய கறுப்புக் குப்பை மட்டும் யாருக்கும் வேண்டாம். நடுவில் மிஞ்சிய உடம்போடு அது கிடக்கும்.

எத்தனை குஞ்சு என்பது இனத்தைப் பொறுத்தது. வைவக்ஸ் பொதுவாக 12 முதல் 24. பல்சிபாரம் கொஞ்சம் கூட, 30ஐயும் தாண்டலாம். மலேரியே இனம் 6 முதல் 12 வரைதான்.

பரீட்சையில் இதை இழையுருப்பிரிவு என்று எழுதலாமா?

எழுதலாம், கருப்பிரிவு இழையுருப்பிரிவுதான். ஆனால் நமது கலங்களில் கருமென்சவ்வு கலைந்து போகும். இங்கே கலையாது, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே பிரிவு நடக்கும். ஒடுக்கற்பிரிவு நுளம்பின் வயிற்றில் நடப்பது. இரண்டையும் குழப்பினால் புள்ளி போகும்.

குஞ்சுகள் வெளியே வருவது எப்படி? இடம் போதாமல் செங்குழியம் தானாக வெடிக்கிறதா?

நாங்களும் முன்பு அப்படித்தான் நினைத்தோம், பலூன் ஊதி வெடிப்பது போல என்று. உண்மையில் அது கிருமி நேரம் பார்த்துத் திறக்கும் கதவு. கிருமிக்குள் ஒரு சமிக்ஞை கிளம்பும். புரதம் அறுக்கும் நொதியங்கள் வெளியே விடப்படும். முதலில் உள் அறையின் சவ்வு உடையும், நான் மறக்க வேண்டாம் என்ற அதே அறை. சில நிமிடங்களில் செங்குழியத்தின் மென்சவ்வு ஓரிடத்தில் கிழிந்து, ஓலைப்பாய் சுருள்வது போல வெளிப்பக்கமாகச் சுருண்டு, குஞ்சுகளை நாலா பக்கமும் தெறிக்கவிடும். தெறித்தவைக்குப் புதுச் செங்குழியம் பிடிக்கச் சில நிமிட அவகாசம்தான்; பிந்தினால் புகும் சக்தி போய்விடும். இரத்தத்துக்குள் செங்குழியம் நெருக்கியடித்துக்கொண்டு கிடப்பதால் பலதுக்கு ஆள் அகப்பட்டுவிடும்.

ஒருநாள் விட்டு ஒருநாள் காய்ச்சல் வருவது இதனால்தானா?

இதனால்தான். படுவான்கரையிலிருந்து வந்த ஓர் அம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "நேத்து நல்லா இருந்தன் மனே, இண்டைக்கு மத்தியானம் திரும்பக் குலைப்பன் புடிச்சிற்று. முந்தநாளும் இதே நேரம்தான்." குலைப்பன் காய்ச்சல், முறைக்காய்ச்சல் என்று நம் ஆட்கள் வைத்த பெயர்களிலேயே நோயின் கணக்கு இருக்கிறது.

உடம்பிலுள்ள சைசொன்ட்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வெடிக்கும்போது, குஞ்சுகளோடு சேர்ந்து குப்பையும் மிச்ச உடம்பும் இரத்தத்தில் கொட்டும். வெண்குழியங்கள் அதைக் கண்டு காய்ச்சலை மூட்டும். முதலில் பல்லுக் கிட்டும் குளிர், மூன்று போர்வை போர்த்தாலும் போகாது. பிறகு சில மணித்தியாலம் கொதி. பிறகு பாய் நனையும் வியர்வை. அடுத்த நாள் ஆள் எழும்பி நடமாடுவார். அந்த நேரம் உள்ளே அடுத்த தலைமுறை மோதிரமாக நின்று தின்றுகொண்டிருக்கும். பல்சிபாரம், வைவக்ஸ், ஓவேல் மூன்றுக்கும் 48 மணித்தியாலச் சுற்று. மலேரியேக்கு 72. குரங்கிலிருந்து மனிதருக்குத் தொற்றும் நோலெசிக்கு 24 தான். காய்ச்சல் ஏறும் நேரமும் கிருமி பிரியும் நேரமும் ஒன்றே என்பதை இத்தாலியரான கமில்லோ கொல்ஜி 1880களிலேயே நுணுக்குக்காட்டியில் கண்டுவிட்டார்.

ஒரு எச்சரிக்கை. முதல் சில நாட்களில் கிருமிகள் எல்லாம் ஒரே நேரத்துக்கு வந்து சேர்ந்திருக்காது, காய்ச்சல் தினமும் அடிக்கலாம். பல்சிபாரம் கடைசிவரை ஒழுங்குக்கு வராமலும் விடும். "முறை இல்லையே, அப்போ மலேரியா இல்லை" என்று முடிவெடுத்தவர்களை எனக்குத் தெரியும். அந்த முடிவு ஆபத்தானது.

வைவக்ஸ் வந்தவர் எழும்பி நடக்கிறார், பல்சிபாரம் வந்தவர் தீவிர சிகிச்சையில் கிடக்கிறார். ஏன்?

முதலாவது, வைவக்ஸ் இளம் செங்குழியங்களைத்தான் பிடிக்கும். அவை இரத்தத்தில் நூற்றுக்கு ஒன்று, இரண்டுதான். ஆகவே பெருக்கத்துக்கு ஓர் எல்லை உண்டு. பல்சிபாரம் இளசு முற்றல் பார்ப்பதில்லை.

ஒரு கணக்குப் போடுவோம். ஈரலிலிருந்து முப்பதாயிரம் பல்சிபாரம் இறங்கியது, ஒவ்வொரு சுற்றிலும் பத்து மடங்காகிறது என்று வையுங்கள். இரண்டு நாளில் மூன்று இலட்சம். நாலாம் நாள் முப்பது இலட்சம். ஆறாம் நாள் மூன்று கோடி. எட்டாம் நாள் முப்பது கோடி. வளர்ந்தவரின் இரத்தம் ஐந்து லீற்றர் என்று பிரித்தால், ஒரு மைக்ரோலீற்றருக்கு 60 கிருமி. சாதாரணமாக ஒரு படலம் பார்ப்பவரின் கண்ணில் படும் அளவு அது. அதற்குப் பிறகும் விட்டுவைத்தால் இன்னும் ஆறு நாளில் செங்குழியங்களில் நூற்றில் ஒன்று கிருமியோடு இருக்கும், அடுத்த இரண்டு நாளில் பத்துக்கு ஒன்றைத் தாண்டும். காகிதக் கணக்குத்தான், உடம்பு எதிர்த்து நிற்கும். ஆனாலும் ஒரு நாள் பிந்துவது என்றால் என்ன என்று இதில் தெரியும்.

இரண்டாவது இன்னும் பொல்லாதது. பிரிவுக்குத் தயாராகும் பல்சிபாரம், செங்குழியத்தின் மேற்பரப்பில் சிறு முடிச்சுகளை எழுப்பி, அவற்றில் ஒட்டும் புரதத்தை நீட்டும். அதனால் அந்தச் செங்குழியம் நுண்குழாய்களின் சுவரில் பிடித்துக்கொண்டு நின்றுவிடும். மண்ணீரலின் வடிகட்டலுக்குள் போகாமல் தப்பிவிடும். மூளையில் ஒட்டினால் மயக்கம், வலிப்பு. கர்ப்பிணியின் சூல்வித்தகத்தில் ஒட்டினால் குழந்தைக்குப் பாதிப்பு. பிரிவு முழுவதும் அந்த மறைவில்தான் நடக்கும்.

இரத்தம் எடுத்துப் பார்த்து "ஒன்றுமில்லை" என்றார்கள். நம்பலாமா?

ஒருமுறை பார்த்ததை மட்டும் நம்ப வேண்டாம். காரணம் மேலே சொன்னதுதான். விரல் நுனியில் எடுக்கும் துளியில் பல்சிபாரத்தின் மோதிரங்கள் மட்டும் ஓடும், பெரியவை எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கும். எல்லாக் கிருமியும் ஒட்டும் நிலையில் இருக்கும் நேரத்தில் ஊசி குத்தினால் படலம் வெறுமையாகக் கிடக்கலாம்.

என் பிழை ஒன்றைச் சொல்கிறேன். ஒரு மாரி நாள், வெளிச்சம் மங்கிய பின்னேரம். ஓர் இளைஞனின் தடித்த படலத்தில் நூறு புலங்கள் (நுணுக்குக்காட்டியில் ஒரு பார்வையில் தெரியும் வட்டம் ஒரு புலம்) பார்த்தால்தான் இல்லை என்று எழுதலாம் என்பது விதி. நான் அறுபதோடு எழுதிவிட்டேன். அடுத்த நாள் மத்தியானம் அவனே திரும்பி வந்தான், நடுங்கிக்கொண்டு. புதுப் படலத்தில் முதல் புலத்திலேயே நாலு மோதிரம். முதல் நாள் படலத்தை எடுத்துத் திரும்பப் பார்த்தேன்; எண்பத்தி மூன்றாவது புலத்தில் ஒன்று இருந்தது. அவன் தேறிவிட்டான். நான் அதற்குப் பிறகு எண்ணாமல் எழுந்ததில்லை.

சந்தேகம் தீராவிட்டால் பன்னிரண்டு முதல் இருபத்திநாலு மணித்தியால இடைவெளியில் மறுபடி இரத்தம் கொடுங்கள். இப்போது பட்டைப் பரிசோதனையும் உண்டு, கால் மணி நேரத்தில் முடிவு தெரியும். ஆனால் எந்தக் கட்டத்தில் பிரிவு நிற்கிறது, எத்தனை கிருமி என்பதை அது சொல்லாது.

பிரியாமல் சும்மா இருக்கும் வடிவம் உண்டா?

இரண்டு உண்டு. இரத்தத்தில் சில கிருமிகள் பிரிவை விட்டுவிட்டு ஆண், பெண் வடிவங்களாக மாறும். பல்சிபாரத்தில் அவை வாழைப்பழ வடிவம். அவை நுளம்புக்காகக் காத்திருப்பவை. நுளம்பின் வயிற்றுக்குள் போய்ச் சூடு குறைந்ததும் ஆண் வடிவம் பதினைந்து நிமிடத்துக்குள் டி.என்.ஏ.யை மூன்று தரம் இரட்டித்து, வாலடிக்கும் எட்டு ஆண் புணரிகளாக, விந்து போல, பிய்ந்து பறக்கும். செங்குழியத்துக்குள் இரண்டு நாள் ஆறுதலாக இருந்த கிருமியா இது என்று தோன்றும்.

மற்றது வைவக்ஸும் ஓவேலும் ஈரலில் விட்டுவைக்கும் உறங்கு வடிவம். மாதக்கணக்கில் கிடந்து, பிறகு எழும்பிப் பிரியும். "மருந்து முடிச்சனே, எப்படித் திரும்ப வந்தது?" என்பதற்கு அநேகமாக இதுதான் பதில்.

குளிசை எந்த இடத்தில் வேலை செய்கிறது?

குளோரோகுயின் அந்தக் கறுப்புக் குப்பையில் கை வைக்கும். ஹீமைப் பளிங்காக்க விடாது, கிருமி தன் நஞ்சிலேயே சாகும். பல்சிபாரம் பல நாடுகளில் இந்த மருந்தை, ஈமோகுளோபினைச் சமிக்கும் தன் உணவுப்பையிலிருந்து வெளியே தள்ளப் பழகிவிட்டது. ஆகவே அதற்கு இப்போது ஆர்ட்டிமெதரும் லூமெபன்ட்ரினும் சேர்ந்த குளிசை, மூன்று நாள். ஆர்ட்டிமெதர் மோதிர நிலையிலிருந்தே அடிக்கும், ஆனால் சில மணித்தியாலத்தில் உடம்பை விட்டுப் போய்விடும். தப்பியதைப் பிடிக்கத்தான் நாட்கணக்கில் தங்கும் மற்றது. இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டதும் குளிசையை மேசையில் வைத்துவிடுவது, அடுத்த சுற்றுக்கு விதைநெல் சேர்த்து வைப்பதுதான்.

எனக்குப் பிடித்தது டொக்சிசைக்கிளின் கதை. அது அபிகோபிளாஸ்டைத் தாக்கும். பழங்காலத்தில் ஓர் அல்காவிடமிருந்து வந்து சேர்ந்த உறுப்பு அது, பச்சையவுருமணிக்கு உறவுக்காரன். மருந்து குடித்தாலும் கிருமி அந்தச் சுற்றில் வழக்கம்போல் பிரிந்து வெடிக்கும். குஞ்சுகள் புதுச் செங்குழியத்துக்குள்ளும் போகும். அங்கேதான் வளர முடியாமல் சாகும். தாய்க்குக் கொடுத்த அடி பிள்ளையில் தெரிகிறது. மெதுவான மருந்து என்பதால் தனியே கொடுத்துக் காய்ச்சலை ஆற்ற முடியாது.

உறங்கு வடிவத்துக்கு பிரிமாகுயின், வைவக்ஸ் என்றால் 14 நாள். ஜி6பிடி நொதியக் குறைபாடு உள்ளவர்களுக்கு அது செங்குழியங்களை உடைக்கும், கர்ப்பிணிகளுக்கும் கொடுப்பதில்லை. வைத்தியர் சொல்லாமல் எடுக்கக் கூடாது.

டெங்கும் இதே மாதிரியா?

இல்லை. டெங்கு வைரசு, பகலில் குத்தும் ஏடிஸ் நுளம்பு. செங்குழியத்தோடு அதற்கு வேலையில்லை.

நம்ம பக்கம் மலேரியாவே இல்லையே, இனி எதற்கு இதெல்லாம்?

இல்லாமல் போனது பெரிய காரியம். 1963இல் நாடு முழுதும் 17 பேர் என்று இறங்கியது, அறுபதுகள் முடிவதற்குள் இலட்சக்கணக்கில் திரும்பி வந்தது. 1999இல் இரண்டரை இலட்சத்துக்கும் மேல். வடக்கு கிழக்கில் சண்டையும் காய்ச்சலும் ஒன்றாக ஓடிய காலம். வீடு வீடாக அடித்த மலத்தியோன் என்ற நுளம்பு மருந்தின் மணமும், சுவரில் எழுதிவிட்டுப் போன திகதியும் வயதானவர்களுக்கு மறந்திருக்காது. உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்றது.

கிருமி போனாலும் நுளம்பு போகவில்லை. ஆறு வற்றித் தேங்கும் தெளிந்த நீரில்தான் வளரும் என்று நாங்கள் படித்த அனோபிலிஸ் குலிசிபேசிஸின் குடம்பிகள் மட்டக்களப்பின் உவர்நீரிலும் இருந்ததை 2010இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. 2018 டிசம்பரில், அம்பாறைக்கு அடுத்த மொனராகலையில், வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவரிடமிருந்து உள்ளூரவர் ஒருவருக்கு வைவக்ஸ் தொற்றியது. ஆகவே மலேரியா உள்ள நாட்டுக்குப் போகுமுன் மலேரியாத் தடை இயக்கத்தில் கேளுங்கள், தடுப்புக் குளிசை இலவசமாகக் கிடைக்கும். வந்து மாதக்கணக்கானாலும் காய்ச்சல் என்றால் போன நாட்டின் பெயரை நீங்களே வைத்தியரிடம் சொல்லுங்கள். இளம் வைத்தியர்களில் பலர் ஒரு மலேரியா நோயாளியையும் கண்டிருக்க மாட்டார்கள்.

சைசொன்டைக் கண்ணால் பார்க்க முடியுமா?

என்னிடம் பழைய படலங்கள் ஒரு பெட்டி இருக்கிறது. பல மங்கிவிட்டன. சாயம் நன்றாக நிற்கும் வைவக்ஸ் ஒன்று உண்டு: வீங்கிய செங்குழியம், நடுவில் கபிலக் குப்பை, சுற்றிவர மாதுளை முத்துப் போலக் குஞ்சுகள், வெடிக்க ஒரு மணித்தியாலம்கூட இருந்திருக்காது. போன மாதம் மூன்று பிள்ளைகள் வந்து எண்ணினார்கள். ஒருத்தி பதினேழு என்றாள், மற்றவள் பதினெட்டு, பொடியன் பதினாறு. குவியத்தை மெல்லத் திருப்பச் சொன்னேன். குப்பைக்கு அடியில் இன்னொன்று மேலே வந்தது.